பழசுன்னு ஒரே வார்த்தை

உங்க வீட்டிலும் இது நடந்திருக்கும். நெட் கம்பெனி ஆள் வருவார். பழைய பெட்டியைக் கழற்றிப் புதுசை மாட்டுவார். நம்ம போனை வாங்கி ஒரு பாட்டை ஓடவிட்டுக் காட்டுவார். “பாருங்க மேடம், சூப்பரா வருது.” ஓடிபி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டின பிறகு மாடிக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டால், நெட் இல்லை.

எனக்கு இது நடந்து ஒன்றரை மாசம் ஆகிறது. மனசு இன்னும் ஆறவில்லை.

திருச்சி உறையூரில் வாடகை வீடு. மாடியறையில் உட்கார்ந்து டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் கீபோர்டு வழியாகத்தான் அச்சகத்துக்குப் போகிறது. சிஸ்டம் 2012-இல் வாங்கினது. விண்டோஸ் 7. அதில் பேஜ்மேக்கர் 7, அது வெளிவந்தது 2001-இல். ஏன் இன்னும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பீர்கள். பாமினி எழுத்துருவில் செய்த பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் அதில் இருக்கின்றன. “அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே மாடல்ல தங்கச்சிக்கும் போட்டுக் குடுங்க” என்று வருகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறவர்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் புரியாது. வாட்ஸ்அப்பில் வருகிற மேட்டரை கன்வெர்ட்டரில் போட்டு பாமினியாக்கி, ஒற்று விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒட்டுவேன். என் விரல் அந்த சிஸ்டத்துக்குப் பழகியிருக்கிறது. அதுவும் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

நெட் பெட்டி கீழே ஹாலில். நான் மேலே. லேன் வயர் இழுக்கலாம் என்றால் ஹவுஸ் ஓனர் சுவரில் ஓட்டை போட விட மாட்டார். அதனால் ஆறேழு வருஷமாகக் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் எனக்குத் துணை. சிபியுவின் பின்பக்கம் செருகியது செருகியபடி இருக்கும். அப்படி ஒன்று அங்கே இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அச்சகத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினேன், போனது. பத்தரைக்குப் புதுப் பெட்டி வந்தது. பதினொன்றுக்கு நெட் இல்லை. பட்டியலில் எங்க வீட்டுப் பெயர் தெரிகிறது, சிக்னல் முழுசாக நிற்கிறது, பாஸ்வேர்டு அடித்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. நாலு தரம் அடித்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சரிதான்.

அந்தத் தம்பிக்கே போன் போட்டேன்.

“போன்ல வருதுல்ல மேடம்?”

“வருது தம்பி. சிஸ்டத்துல வரல.”

“அப்ப எங்க சைடு ஓகே மேடம். உங்க சிஸ்டம் பழசு. அதான்.”

பழசு. அந்த ஒரே வார்த்தை. பத்து மணிக்குப் பழசாகாத சிஸ்டம் பதினொன்றுக்கு எப்படிப் பழசாச்சு? நடுவில் மாறினது உங்க பெட்டி மட்டும்தானே? இதைக் கேட்டேன். “இல்ல மேடம், பழசுல இந்த மாதிரி வரும் மேடம்” என்றார். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாமே. அதற்குப் பதில் நம்ம பொருள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு லைனை வைத்துவிட வேண்டுமா?

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பதினேழு நிமிஷம் பாட்டு. கடைசியில் ஒரு பெண் குரல். “ரீஸ்டார்ட் பண்ணீங்களா மேம்?” பண்ணினேன். “பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேம்?” பண்ணினேன். “போன்ல நெட் வருதா மேம்?” வருது. “அப்ப டிவைஸ் இஷ்யூ மேம்.” நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய பெட்டியில் என்ன செட்டிங் இருந்தது, புதுசில் என்ன இருக்கிறது? அதைச் சொன்னால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன். அந்தப் பெண்ணின் முன்னால் இருக்கும் திரையில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று. யார் தீர்த்தது? எதைத் தீர்த்தது? மாடியில் கண்ணீர் அஞ்சலி ஒன்று அனுப்ப முடியாமல் கிடக்கிறது. மறுநாள் பேப்பரில் வரவேண்டியது. செத்தவர் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். பென் டிரைவில் போட்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

ஒரு வாரம் அப்படியே ஓடினது. நாலாவது நாள் பென் டிரைவைத் திரும்பக் கொண்டுவந்து செருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. பிரவுசிங் சென்டரில் ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ். நல்லவேளை, ஃபைல்கள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன. அதை மீட்க ஒரு பகல் போச்சு.

சரி, சர்வீஸ் கடைக்கே கொண்டுபோகலாம் என்று ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாலு நாள் வைத்திருந்தார்கள். போய்க் கேட்டால், “ஆன் பண்ணா எஃப்1 அழுத்தச் சொல்லுதுக்கா. போர்டு போகப்போகுது. ஃபார்மட் போட்டுப் பாக்கலாம். இல்லைன்னா புதுசு 35,000-க்கு முடிச்சுத் தர்றேன்.” ஃபார்மட்! அந்த வார்த்தையை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள். வைஃபை வரவில்லை என்று போனவளிடம் உள்ளே இருக்கிற அத்தனையையும் துடைத்துவிடலாமா என்று கேட்பது என்ன வைத்தியம்? சளிக்கு வந்தவரின் நினைவை எடுத்துவிடலாமா என்று எந்த டாக்டராவது கேட்பாரா? செக்கிங் சார்ஜ் 500 ரூபாய் கொடுத்துவிட்டு சிபியுவைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “என்னாச்சும்மா?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போகவேண்டியிருந்தது. அப்படியே ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது அடாப்டர் 450 ரூபாய்க்கு வாங்கினேன். “எல்லாத்துலயும் ஓடும்” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்தால், அடாப்டரோடு உள்ளங்கை அளவில் ஒரு குட்டி சிடி. டிரைவர் அதில்தான் இருக்கிறதாம். என் சிபியுவில் டிவிடி டிரைவின் தட்டு திறப்பதை நிறுத்தி மூன்று வருஷம். பிரவுசிங் சென்டரில் இருக்கும் சிஸ்டங்களில் சிடி போடும் இடமே இல்லை. பக்கத்து வீட்டு லேப்டாப்பிலும் இல்லை. இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்று இன்னும் சிடி கொடுக்கிறார்கள்?

அட்டையில் போட்டிருந்த வெப்சைட்டுக்குப் போனிலேயே போனேன். இந்த மாடலின் பக்கம் இல்லை. புது மாடல்கள் வரிசையாகப் படத்தோடு இருக்கின்றன, விலையோடு இருக்கின்றன. ஒரு சின்ன டிரைவர் ஃபைலை ஒரு ஓரத்தில் வைத்திருக்க இடமில்லாமலா போச்சு? வைஃபை வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். டிரைவர் வேண்டுமென்றால் நெட் வேண்டும். நெட் வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். வயசானவர்கள் எத்தனை பேர் இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, அழுக்குத் துணியைப் போட்டு கம்ப்யூட்டரை மூடிவைத்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தேடினால் வருகிற மற்ற சைட்டுகளிலோ பச்சை நிறத்தில் நாலைந்து டவுன்லோடு பட்டன்கள். எது நிஜம், எது வலை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. தப்பான பட்டனைத் தொட்டால் வேண்டாத சாமான் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெங்களூரில் அக்கா மகன் இருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு அவனைப் பிடித்தேன். அவன் முதலில் கேட்ட கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

“சித்தி, மொபைலோட சார்ஜர் வயர் இருக்கா? அதை சிஸ்டத்துல சொருகுங்க. போன்ல யுஎஸ்பி டெதரிங்னு இருக்கும், ஆன் பண்ணுங்க.”

அவ்வளவுதான். போன் வாங்குகிற வைஃபையே வயர் வழியாக சிஸ்டத்துக்கு இறங்குகிறது. என் டேட்டா கூட செலவாகவில்லை. விண்டோஸ் தானே ஒரு நிமிஷம் எதையோ தேடி நிறுவிக்கொண்டது. மூன்று வாரமாக நான் அலைந்த அலைச்சலுக்கு, ஒரு சார்ஜர் வயர் தற்காலிக மருந்தாக வீட்டிலேயே கிடந்திருக்கிறது. நெட் கம்பெனித் தம்பி, கஸ்டமர் கேர், சர்வீஸ் கடை மூன்று பேரில் ஒருவராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாமே. சொன்னால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

அதற்கப்புறம் அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். டிவைஸ் மேனேஜரில் புது அடாப்டர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி நின்றது. அதன் ப்ராப்பர்டீஸில் ஹார்டுவேர் ஐடி என்று ஒரு வரிசை. விஐடி, பிஐடி என்று இரண்டு எண் இருக்கும். அட்டையில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும், உள்ளே இருக்கிற சிப் யாருடையது என்று அந்த எண் சொல்லிவிடும். அதை வைத்துப் போனில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகிலேயே டிரைவரைத் தேடி எடுத்தோம். மஞ்சள் குறி போனது. ஆனால் இப்போது எங்க வீட்டுப் பெயரே பட்டியலில் இல்லை! எதிர்வீடு தெரிகிறது, பின்வீடு தெரிகிறது, மெடிக்கல் ஷாப் தெரிகிறது. எங்க வீடு மட்டும் இல்லை.

பழைய அடாப்டரில் பெயர் தெரிகிறது, சேர மாட்டேன் என்கிறது. புதுசில் பெயரே தெரியவில்லை. நானாக இருந்தால் இரண்டுமே கெட்டது என்று முடிவு கட்டியிருப்பேன். அவன் கட்டவில்லை. “ரெண்டும் ரெண்டு விதமா மறுக்குதுன்னா ரெண்டு காரணம் இருக்கும் சித்தி” என்றான். எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒருவர் என் கம்ப்யூட்டரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், என்ன நடக்கிறது என்று கேட்டார்.

போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தோம். புதுப் பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் 13-ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தது. சேனல் தேர்வை ஆட்டோவில் விட்டிருந்தார்கள், கூட்டம் இல்லாத இடம் என்று அது அங்கே போயிருக்கிறது. நம்ம நாட்டில் 13 வரைக்கும் உபயோகிக்கலாம். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த அடாப்டர்கள் 11 வரைக்கும்தான் கேட்கும். 12-லும் 13-லும் யார் பேசினாலும் அதற்குக் காது கேட்காது. ரிச்சி தெருவில் வாங்கினது அந்த வகை. அடாப்டரில் பழுதே இல்லை. பெட்டியின் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பழைய அடாப்டருக்கு வேறு காரணம். புதுப் பெட்டியின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைத்திருந்தார்கள். அது 2018-இல் அறிவிக்கப்பட்ட முறை. அதற்கு முந்தியது 2004-இல் வந்த டபிள்யூபிஏ2. விண்டோஸ் 7-க்கு மூன்றாவது முறை தெரியாது. விண்டோஸ் 10-இலேயே 2019-இல் வந்த பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதாவது, நான் சரியான பாஸ்வேர்டைத்தான் நாலு தரமும் அடித்திருக்கிறேன். பூட்டு மாறியிருக்கிறது. பூட்டை மாற்றினவர் எனக்குச் சொல்லவில்லை.

புது முறை நல்லதுதான், நான் மறுக்கவில்லை. பாதுகாப்பு அதிகம். ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கிற வசதி அதே பெட்டியிலேயே இருக்கிறது. பழைய கருவிகளுக்கென்று 2.4-இல் தனிப் பெயரில் டபிள்யூபிஏ2 வைத்துவிட்டு, போன்களுக்கு மூன்றாவதை வைக்கலாம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறார்களே, அதுவும் தொல்லை. என் பழைய அடாப்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. தனித்தனிப் பெயர் இருந்தால் எது எங்கே இருக்கிறது என்று மனுஷருக்குப் புரியும். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருந்தன. பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போய் மூன்று இடத்தில் மாற்றினோம்: பாதுகாப்பு, சேனல், பெயர். ஏழு நிமிஷம் ஆயிற்று. இரண்டு அடாப்டரும் சேர்ந்துகொண்டன.

அழுகை வந்துவிட்டது எனக்கு. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் பாருங்கள், நெட் சேர்ந்தும் மெயில் திறக்கவில்லை. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்கிறது. மறுபடியும் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். “சித்தி, கீழ வலது ஓரத்துல என்ன தேதி?” என்றான். பார்த்தேன். 1-1-2012. நான் இந்த சிஸ்டத்தை வாங்குவதற்கும் முந்தின தேதி. ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு சான்றிதழோடு வருகிறது, அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கிறது. 2012-இல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ். நம்ப மறுக்கிறது. நம்ப மறுப்பதுதான் சரியும் கூட.

தேதி ஏன் ஓடிப்போச்சு? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கிறது. சிஆர்2032. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது சாகும் நிலையில் இருந்திருக்கிறது. வீட்டில் ப்ளக் எப்போதும் சொருகியே இருந்ததால் வெளியே தெரியவில்லை. சர்வீஸ் கடையில் நாலு நாள் வயரே இல்லாமல் மூலையில் கிடந்ததில் முழுசாகத் தீர்ந்துவிட்டது. ஆன் பண்ணினால் எஃப்1 அழுத்தச் சொல்லுது, போர்டு போகப்போகுது என்றார்களே, அது இந்த பேட்டரி தீர்ந்துபோன அறிவிப்பு! அவர்கள் கடையில் வைத்தே தீர்ந்துபோனதை, என் போர்டின் சாவு என்று எனக்கே விற்கப் பார்த்திருக்கிறார்கள். தெரிந்தே சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா? எது என்றாலும் எனக்கு வயிறு எரிகிறது. பேட்டரி 40 ரூபாய். தெருமுனை வாட்ச் கடையில் கிடைத்தது. பழசைக் கழற்றிப் புதுசைப் போட்டு, தேதியைச் சரிபண்ணினேன். எஃப்1 போச்சு. மெயில் திறந்தது.

இன்னும் ஒன்று. அரைமணிக்கொருதரம் நெட் அறுந்துகொண்டிருந்தது. அதற்கும் இரண்டு காரணம். மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று டிவைஸ் மேனேஜரில் ஒரு டிக் இருந்தது, அதை எடுத்தேன். அடுத்தது, அடாப்டரை நான் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் சொருகியிருந்தேன். வேகமான துளை என்று நினைத்து. அந்தத் துளையும் வயரும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு அறிக்கை போட்டிருக்கிறது. போதாததற்கு அந்தத் துளை சிபியுவின் இரும்புத் தகட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து இருக்கிறது. ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, முன்பக்கக் கறுப்புத் துளையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு கட்டை இருந்த சிக்னல் நாலாச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ரூபாய் பேட்டரி, ஒரு வயர், மூன்று செட்டிங், ஒரு டிக். என்னிடம் கேட்டது 35,000. இதற்கு நடுவில் எங்கேயோ நம்ம தேசத்தில் பழுது பார்க்கிற புத்தி தொலைந்துகொண்டிருக்கிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் அண்ணன் ஒருத்தர் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாக மீட்டரை வைத்துத் தொட்டுத் தொட்டு, “இந்தா, இதுதான்” என்று ஒரு கருகின கெபாசிட்டரை எடுத்துக் காட்டுவாரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அந்தப் பொறுமை எங்கே போச்சு? இன்றைக்கு யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வாசலில் நின்றே பழசு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எனக்குக் கூடுதல் ஆத்திரம் எதில் தெரியுமா? வைஃபை விதிகளை எழுதின இன்ஜினியர்கள் பழசை மறக்கவில்லை. 2009-இல் வந்த ‘என்’ வகை, 2003-இல் வந்த ‘ஜி’ வகையோடு பேசும். 2021-இல் முடிவான வைஃபை 6, 2.4-இல் இந்த இரண்டோடும் பேசும். பல வருஷம் உட்கார்ந்து, பழைய கருவியும் புதுப் பெட்டியும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணட்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்த நல்லெண்ணம் கடைசி நூறு அடியில், ஒரு செட்டிங்கைப் பார்க்க ஏழு நிமிஷம் இல்லாதவர்கள் கையில் செத்துப்போகிறது.

அதனால் என்ன ஆகிறது? 2022-ஆம் வருஷம் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐநாவின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்கு கூட இல்லை. அந்த மலையில் எத்தனை உருப்படி 40 ரூபாய் பேட்டரிக்காகப் போய் விழுந்ததோ. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ வீட்டு சிஸ்டங்களுக்கு ஒரே ராத்திரியில் பழசு என்று பெயர் வந்துவிட்டது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு போர்ட்டல் திறந்தது. நல்ல காரியம். ஆனால் அதைப் பார்க்கவே முதலில் நெட் வேண்டுமே.

விண்டோஸ் 7-ஐ நெட்டில் வைத்திருப்பது ஆபத்து, 2020 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்று எனக்கும் தெரியும். பேங்க் வேலை எதையும் நான் அதில் செய்வதில்லை, எல்லாம் போனில்தான். அதில் மேட்டர் வரும், பிடிஎஃப் போகும், அவ்வளவே. பழசை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தூக்கிப்போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்க தெருவிலேயே பிள்ளைகள் ஸ்கூலில் வாங்கின அரசு லேப்டாப்பை வைத்து வேலைக்கு அப்ளை பண்ணுகிற வீடுகள் இருக்கின்றன. 35,000-க்கு அவர்கள் எங்கே போவார்கள்?

போன வாரம் அந்தத் தம்பி எதிர்வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் பார்த்துக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன். மாடிக்கு ஏறி வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். சேனல் இது, பாதுகாப்பு முறை இது, பெயரைப் பிரித்தது இப்படி. அவர் வாய் திறக்காமல் பார்த்தார். பிறகு நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

“எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலக்கா. ரெண்டு நாள் ட்ரெய்னிங். ஒரு நாளைக்குப் பத்து வீடு முடிக்கணும். ஒரு வீட்டுல அரைமணி நேரத்துக்கு மேல நின்னா ஆபீஸ்ல இருந்து போன் வந்துரும்.”

மேடம் அக்கா ஆனது அப்போதுதான். சட்டை முதுகு முழுக்க வேர்வை. இருபத்திரண்டு வயசு இருக்கலாம். நான் திட்ட நினைத்த வார்த்தை எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. யாரைத் திட்டுவது? பத்து வீடு என்று நிர்ணயித்தவர் இந்த மாடிப்படி ஏறி ஒருநாளும் வரப்போவதில்லை. மோர் கொடுத்து அனுப்பினேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்றைக்குக் காலையில் ஒரு வளைகாப்புப் பத்திரிகையை முடித்துவிட்டு மெயிலைத் திறந்தால், நெட் இல்லை. பழைய அடாப்டரைப் போட்டால் சேர மாட்டேன் என்கிறது. புதுசைப் போட்டால் பெயர் தெரியவில்லை. கீழே இறங்கிப் போய் போனில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். நான் மாற்றின மூன்றும் பழையபடி இருக்கின்றன. கஸ்டமர் கேரில் கேட்டேன். “நைட் ரிமோட்ல அப்டேட் போயிருக்கும் மேம். செட்டிங்ஸ் டீஃபால்ட் ஆயிரும் மேம்.” என் வீட்டு ஹாலில், நான் மாசாமாசம் பணம் கட்டுகிற பெட்டியை, ராத்திரியில் என்னைக் கேட்காமல் திறந்து மாற்றலாமா? மாற்றினதை ஒரு எஸ்எம்எஸ்ஸில் சொல்லக்கூடாதா? புகார் தீர்ந்தது என்று அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதை அனுப்பத் தெரியாதா?

காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஒவ்வொன்றாக மாற்றுகிறேன். பதினொரு மணிக்குள் ஃபைல் வரவில்லை என்றால் இன்றைக்கு பிளேட் போட முடியாது என்று அச்சகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மணி பத்தே முக்கால்.